பெருவில் சிக்கன லாட்ஜ்: லிமா, குஸ்கோ, அரெகிப்பாவில் அறை எடுக்கும் முன் கேட்க வேண்டியவை

#1 மலைப்பாதை

பெருவில் மலிவான ஹோட்டல் எது என்று பெயர் கேட்டு அடிக்கடி பதிவு வருகிறது. பெயர் சொல்வதில் பெரிய பயன் இல்லை. சின்ன லாட்ஜ்கள் கைமாறிக்கொண்டே இருக்கும். ஒரே கட்டடத்தில் ஓர் அறை வெளிச்சமாக இருக்கும், பக்கத்து அறைக்கு ஜன்னலே இருக்காது. எதைக் கேட்க வேண்டும், எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துவிட்டால் எந்த ஊரிலும் அறை எடுக்கலாம். தெரிந்ததைச் சேருங்கள், தப்பு இருந்தால் திருத்துங்கள்.

முதலில் பெயர்ப் பலகை. ஸ்பானிய மொழியில் முதல் எழுத்தான எச் ஒலிக்காது, அதனால் ஓட்டெல், ஓஸ்தால், ஓஸ்பெதாஹே என்றுதான் சொல்வார்கள். ஓஸ்தாலை ஹாஸ்டல் என்று நினைத்துத் தாண்டிப் போய்விடாதீர்கள். அது தனித்தனி அறைகள் கொண்ட சிறு ஹோட்டல், நம் கைக்கு அடக்கமான இடங்கள் பெரும்பாலும் அதுதான். ஓஸ்பெதாஹே அதைவிட எளிமையானது, நட்சத்திரம் எதுவும் இருக்காது. வாசலில் 'இத்தனை மணி நேரத்துக்கு இவ்வளவு' என்று விலை எழுதியிருந்தால் அது ஜோடிகள் மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கும் இடம். குடும்பத்தோடு அங்கே போக வேண்டாம்.

அடுத்து கட்டில். சிம்ப்லே என்றால் ஒருவருக்கு. மாத்ரிமோனியால் என்றால் ஒரே பெரிய கட்டில். தோப்லே என்றால் இரண்டு தனிக் கட்டில். 'டபுள் ரூம்' என்ற நினைப்பில் தோப்லே பதிவு செய்யும் கணவன் மனைவிக்கு அறையின் இரண்டு மூலையிலும் ஒவ்வொரு கட்டில்தான் கிடைக்கும்.

மாடிக் கணக்கும் வேறு. தரைத்தளம்தான் அங்கே முதல் மாடி. மூன்றாம் மாடி என்று சொன்னால் நம் கணக்கில் இரண்டாம் மாடி. லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் இது தெரிந்திருப்பது நல்லது.

பணம் கொடுக்கும் முன் 'புவேதோ வேர் லா அபிதாசியோன்?' என்று கேளுங்கள், அறையைப் பார்க்கலாமா என்று பொருள். கேட்பது அங்கே வழக்கம்தான், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். உள்ளே போனதும் ஜன்னலைத் திறந்து பாருங்கள். 'வென்தானா இன்தெரியோர்' என்றால் ஜன்னல் நடைபாதைக்கோ காற்றுக்குழிக்கோ திறக்கும், வெளிக்காற்று வராது. லிமாவில் ஜூன் முதல் அக்டோபர் வரை வானம் மூடிக் கிடக்கும், 'கருவா' என்கிற தூறல் பிசுபிசுக்கும். அந்த மாதங்களில் உள்பக்க அறையில் துவைத்துப் போட்ட துணி இரண்டு நாளானாலும் காயாது. சுவரின் கீழ்ப்பகுதியில் பெயிண்ட் உரிந்து உப்புப் பூத்திருந்தால் வேறு அறை கேளுங்கள்.

#2 கணக்குப்பிள்ளை

நல்ல தொடக்கம். நான் வரி விஷயத்தைச் சொல்கிறேன், பலர் பணம் விடுவது இதில்தான்.

பெருவின் பொது விற்பனை வரிக்கு ஈ-ஹே-வே என்று பெயர், பொது விகிதம் 18 சதவீதம். அந்த நாட்டில் குடியிருக்காத வெளிநாட்டவர் 60 நாளுக்கு மிகாமல் தங்கினால் ஹோட்டல் வாடகைக்கும், அந்த ஹோட்டலே தரும் உணவுக்கும் இந்த வரி கிடையாது. ஆனால் விலக்கு தானாக வராது. ஹோட்டல்காரர் பாஸ்போர்ட்டின் படப் பக்கத்தையும், நாட்டுக்குள் நுழைந்த தேதியைக் காட்டும் பதிவையும் நகல் எடுத்து வைத்தால்தான் வரி இல்லாமல் பில் போட முடியும். அந்த நுழைவுப் பதிவுக்குத் 'தார்ஹேத்தா ஆந்தினா' என்று பெயர். இப்போது அது கணினிப் பதிவு. பாஸ்போர்ட்டில் முத்திரை இல்லாவிட்டாலும் குடிவரவுத் துறையின் இணையதளத்தில் உங்கள் பதிவை எடுத்து ஃபோனில் சேமித்து வையுங்கள். பேருந்தில் எல்லை தாண்டி வருகிறவர்கள் எல்லைச் சாவடியிலேயே பதிவு ஏறிவிட்டதா என்று கேட்டுக்கொண்டு நகர வேண்டும். பதிவு இல்லாவிட்டால் விலக்கும் இல்லை.

கணக்கிலும் ஒரு சிக்கல் உண்டு. 18 சதவீத வரியோடு 118 சோல் (பெருவின் நாணயம்) என்றால் வரியில்லாமல் 100 சோல். 118-க்கு 18 சதவீதம் என்று 21 சோல் கழித்துக் கேட்டால் சண்டைதான் வரும். அதோடு, முன்பதிவுத் தளங்களில் வெளிநாட்டவருக்குக் காட்டும் விலை பெரும்பாலும் வரி நீக்கியதாகவே இருக்கும், அதில் மறுபடி கழிக்கச் சொல்ல முடியாது. எளிமைப்படுத்திய வரித் திட்டத்தில் இருக்கும் மிகச் சின்ன லாட்ஜ்கள் பில்லில் ஈ-ஹே-வேயைத் தனியாகக் காட்டவே மாட்டார்கள், அங்கேயும் கழிக்க ஒன்றும் இல்லை. ஆகவே பதிவு செய்யும்போதே 'ப்ரேசியோ ஃபினால்?', இதுதான் இறுதி விலையா என்று கேட்டு, வரும் பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பில்லுக்கு 'பொலேத்தா' என்று பெயர். கேட்டு வாங்குங்கள்.

பணம்: சோலில் 10, 20, 50, 100, 200 நோட்டுகள் உண்டு. 200 நோட்டைக் கடையில் நீட்டினால் 'நோ ஆய் சென்சீயோ', சில்லறை இல்லை என்பதுதான் பதில். பெரிய நோட்டை லாட்ஜ் வாடகையில் மாற்றிவிட்டு, சின்ன நோட்டுகளை டாக்சிக்கும் சாப்பாட்டுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். கள்ள நோட்டு நிறையப் புழங்கும் நாடு. வாங்கிய நோட்டை அங்கேயே வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பதை அங்கே யாரும் தப்பாக எடுப்பதில்லை, எல்லோரும் செய்வதுதான். டாலரில் கொடுப்பதாக இருந்தால் கிழிசல், பேனாக் கோடு, ஒட்டு எதுவும் இல்லாத நோட்டாக இருக்க வேண்டும். ஓரத்தில் சின்னக் கிழிசல் இருந்தாலும் திருப்பித் தந்துவிடுவார்கள். கார்டுக்குச் சில இடங்களில் கூடுதலாகச் சேர்ப்பார்கள், அதையும் முன்பே கேளுங்கள்.

#3 தூறல்

வரி விவரம் ரொம்ப உதவி, நன்றி. ஒரு கேள்வி. மதிப்புரைகளில் 'சுடுநீர் வரவில்லை' என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள். ஆனால் எல்லா லாட்ஜும் '24 மணி நேரமும் சுடுநீர்' என்றுதான் போடுகிறது. எதை நம்புவது?

#4 மின்கம்பி

பாதிப் பேருக்குக் குழாயைச் சரியாகத் திறக்கத் தெரியாததுதான் காரணம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் குழாயில் உள்ள எழுத்து. ஸ்பானிய மொழியில் சுடுநீர் 'கலியெந்தே', குளிர்நீர் 'ஃப்ரியா'. அதனால் குழாயில் சி என்று இருந்தால் அதுதான் சுடுநீர். ஆங்கிலப் பழக்கத்தில் சி என்றால் கோல்டு என்று ஒதுக்கிவிட்டு மற்றதைத் திறந்து நின்றால் கடைசி வரை பச்சைத் தண்ணீர்தான் வரும்.

அடுத்து, சூடாக்கும் கருவி எது என்று பாருங்கள். மூன்று வகை உண்டு.

'தெர்மா' என்பது நம் ஊர் கீஸர். தொட்டி சின்னதாக இருந்தால் இரண்டாவது ஆளுக்குச் சூடு இருக்காது, அரை மணி நேரம் விட்டுக் குளிக்க வேண்டும். சில இடங்களில் இரவில் சுவிட்சை அணைத்துவிடுவார்கள். காலை நாலு மணிக்குக் கிளம்புகிறவர்கள் முதல் நாள் இரவே சொல்லி வையுங்கள்.

கேஸ் தெர்மா உடனே சூடாக்கும். அது குளியலறைக்கு உள்ளேயே மாட்டியிருந்து, புகைக்குழாய் வெளியே போகாமல் இருந்தால் அந்த அறையை எடுக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, மூடிய அறையில் அது ஆளைக் கொன்றுவிடும்.

மூன்றாவது 'துச்சா எலெக்ட்ரிகா'. ஷவர் தலைக்குள்ளேயே சூடாக்கும் கம்பிச்சுருள் இருக்கும், மேலே இரண்டு மூன்று ஒயர் தெரியும். மலிவான லாட்ஜ்களில் இதுதான் அதிகம். இதன் சக்தி சுமார் 5,500 வாட் என்று வையுங்கள். தண்ணீர் நிமிடத்துக்கு 3 லிட்டர் ஓடினால் சுமார் 26 டிகிரி ஏறும், 6 லிட்டர் ஓடினால் 13 டிகிரிதான் ஏறும். குஸ்கோவில் குழாய்த் தண்ணீர் 12 டிகிரியில் வந்தால் முதல் கணக்கில் 38 டிகிரி, இதமாக இருக்கும். இரண்டாவதில் 25, நடுங்க வைக்கும். குளிர்கிறதே என்று குழாயை இன்னும் திறக்கிறவர் தானாகவே குளிரைக் கூட்டிக்கொள்கிறார். குழாயைக் குறைக்க வேண்டும். அளவு தெரிய ஒரு லிட்டர் பாட்டிலை ஷவருக்கு அடியில் பிடியுங்கள், 20 விநாடியில் நிறைந்தால் நிமிடத்துக்கு 3 லிட்டர். ரொம்பவும் குறைத்தால் உள்ளே இருக்கும் அழுத்த சுவிட்ச் மின்சாரத்தைத் துண்டித்துவிடும், சட்டென்று பச்சைத் தண்ணீர் வரும். அந்த எல்லைக்குக் கொஞ்சம் மேலே நிறுத்துங்கள்.

பாதுகாப்பு: ஒயர் இணைப்பு வெளியே தெரிந்தாலோ, டேப் கருகியிருந்தாலோ, குழாயைத் தொட்டால் சுரீர் என்றாலோ வேறு அறை கேளுங்கள். ஈரக் கையோடு ஷவர் தலையில் உள்ள, சூட்டைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோலைத் தொடக் கூடாது. தண்ணீர் ஓடும்போது அதை மாற்றவும் கூடாது.

#5 மலைப்பாதை

மின்கம்பி சொன்னது அத்தனையும் சரி. என் கருத்து கொஞ்சம் கடுமையானது: குழந்தைகளோடு போகிறவர்கள் துச்சா எலெக்ட்ரிகா உள்ள அறையை எடுக்கவே வேண்டாம். பழைய கட்டடங்களில் நிலக்கம்பி (எர்த்) இருக்கிறதா என்று நம்மால் பார்க்க முடியாது. பத்து இருபது சோல் கூடினாலும் தெர்மா உள்ள இடத்துக்குப் போங்கள்.

#6 மின்கம்பி

ஒப்புக்கொள்கிறேன். நிலக்கம்பி விஷயத்தில் உறுதி சொல்ல முடியாது.

பிளக் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெருவில் 220 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நம் ஃபோன் சார்ஜர், லேப்டாப் எல்லாம் ஓடும். சுவரில் தட்டையான இரண்டு முள்ளோ உருண்டையான இரண்டு முள்ளோ நுழையும் ஓட்டைகள் இருக்கும். நம் ஊர் இரண்டு முள் சார்ஜர் நுழையும், மூன்று தடித்த முள் நுழையாது, அதற்கு அடாப்டர் வேண்டும். தண்ணீர் காய்ச்சும் ராடு கொண்டுபோக வேண்டாம், பழைய ஒயரிங் தாங்காது.

#7 வெண்கலக்குடம்

யாரும் தொடாத விஷயம், கழிப்பறை. காகிதத்தைக் கோப்பைக்குள் போடக் கூடாது, பக்கத்தில் உள்ள தாச்சோவில், அதாவது கூடையில் போட வேண்டும். கழிவுக் குழாய்கள் குறுகலானவை, அடைத்தால் கீழ்மாடி அறைக்குள் பொங்கும். கூடையைத் தினமும் காலி செய்வார்கள், செய்யாவிட்டால் கேளுங்கள்.

தண்ணீர்ப் பழக்கம் உள்ள நமக்குக் கைத்தெளிப்பான் எதுவும் கிடைக்காது. சந்தையில் 'ஹார்ரா' என்று கேட்டால் பிளாஸ்டிக் ஜாடி மலிவாகக் கிடைக்கும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். குளியலறைத் தரையில் நம் வீடு மாதிரி சரிவும் வடிகாலும் இருக்காது. வடிகால் ஷவர் நிற்கும் சதுரத்துக்குள் மட்டுமே. கழிப்பறைப் பக்கம் தண்ணீர் ஊற்றினால் அது நேராகப் படுக்கை அறைக்குள் போய் மரத்தரையை ஊற வைக்கும். ஷவர் சதுரத்துக்குள் நின்றே தண்ணீரைப் பயன்படுத்துங்கள்.

குழாய்த் தண்ணீர் குடிக்க ஆகாது. பல் துலக்கவும் பாட்டில் தண்ணீரே நல்லது. 'சின் காஸ்', வாயு இல்லாதது என்று கேட்காவிட்டால் சோடா வந்துவிடும்.

#8 தூறல்

லிமாவில் எந்தப் பகுதி? கடலோரப் பகுதியான மிராஃப்ளோரெஸில் விலை அதிகமாகத் தெரிகிறது. பழைய நகரத்தில், பிளாசா தெ ஆர்மாஸ் என்கிற பெரிய சதுக்கத்தின் பக்கம் பாதி விலை.

#9 நாஸ்காகோடு

பழைய நகரம் பகலில் அழகு. இரவு எட்டு மணிக்கு மேல் கடைகள் மூடினால் சதுக்கத்திலிருந்து நாலு தெரு தள்ளி நடக்கவே யோசிக்க வேண்டும். மாலையில் சாப்பிட வெளியே போகும்போதெல்லாம் டாக்சி எடுத்தால் மிச்சப்படுத்திய பணம் அதிலேயே போய்விடும். விலை குறைய வேண்டும் என்றால் லின்சே, ஹெசூஸ் மரியா, புவெப்லோ லீப்ரே ஆகிய குடியிருப்புப் பகுதிகளைப் பாருங்கள்.

#10 மலைப்பாதை

லின்சேயை நானும் சொல்வேன். ஆனால் பழைய நகரத்தை முழுதாக ஒதுக்க வேண்டியதில்லை. ஒரே நாள் லிமாவில் இருந்து, பகல் முழுக்க அருங்காட்சியகமும் தேவாலயமும் பார்த்துவிட்டு மறுநாள் காலை கிளம்புகிறவருக்கு அது வசதி. முதல் முறை வருகிறவர், தனியாக வரும் பெண், இரவில் இறங்குகிறவர், இந்த மூவரும் மிராஃப்ளோரெஸிலேயே தங்கட்டும்.

முகவரி படிக்கும் முறை: 'குவாத்ரா 5' என்றால் அந்தச் சாலையின் ஐந்தாவது தெருத்துண்டு, கதவு எண்கள் 500 முதல் 599 வரை. 'ஹிரோன்' என்பதும் தெருதான். லிமாவில் ஒரே தெருப் பெயர் பல மாவட்டங்களில் உண்டு, சான் மர்த்தீன் என்று மட்டும் சொன்னால் டாக்சி எங்கேயோ போகும். தெரு, குவாத்ரா, மாவட்டம் மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். டாக்சியில் மீட்டர் கிடையாது, ஏறும் முன்பே விலை பேச வேண்டும். விமான நிலையம் லிமாவில் இல்லை, பக்கத்துத் துறைமுக ஊரான கயாவோவில். அங்கே வெளியில் நின்று கூப்பிடுகிறவர்களோடு போகாமல் உள்ளே இருக்கும் டாக்சி கவுண்டரையோ செயலியையோ பயன்படுத்துங்கள்.

வெளிநாட்டு விமானங்கள் பல நள்ளிரவை ஒட்டித்தான் இறங்கும். 12-ஆம் தேதி அதிகாலை ஒரு மணிக்கு வருகிறவர் 11-ஆம் தேதி இரவுக்கு அறை பதிவு செய்ய வேண்டும். 12 என்று போட்டால் மதியம் வரை வாசலில் உட்கார வேண்டியதுதான். வரும் நேரத்தை லாட்ஜுக்கு எழுதுங்கள். சின்ன லாட்ஜ்களின் இரும்புக் கதவு இரவில் பூட்டியிருக்கும், மணி அடித்தால்தான் எழுந்து வருவார்கள்.

#11 பனித்துளி

மலை ஊர்களான குஸ்கோ, புனோ பற்றி. குஸ்கோ சுமார் 3,400 மீட்டர், புனோ சுமார் 3,830 மீட்டர் உயரம். முதல் இரண்டு நாளில் படி ஏறினாலே மூச்சு வாங்கும், தலை வலிக்கும். அதனால் குஸ்கோவில் சான் பிளாஸ் பகுதி எவ்வளவு அழகாக இருந்தாலும் முதல் தடவை அங்கே அறை வேண்டாம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு கல்படி ஏற வேண்டும், பல சந்துகளில் டாக்சி நுழையாது. அவெனிதா எல் சோல் பக்கமோ சான் ஃப்ரான்சிஸ்கோ சதுக்கத்தின் பக்கமோ தரைத்தள அறையாக எடுங்கள். ரிசப்ஷனில் கோக்கா இலைத் தேநீர் இலவசமாக வைத்திருப்பார்கள், குடிக்கலாம். ஆனால் கோக்கா இலையையோ தேநீர்ப் பையையோ நாட்டுக்கு வெளியே எடுத்துப் போகாதீர்கள், பல நாடுகளில் அது போதைப்பொருள் சட்டத்தில் வரும். ஆக்சிஜன் இருக்கிறதா என்று அறை எடுக்கும்போதே கேளுங்கள். படுத்திருக்கும்போதும் மூச்சுத் திணறினாலோ நடை தள்ளாடினாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் போய், தாழ்வான ஊருக்கு இறங்க வேண்டும்.

ஜூன், ஜூலை இரவுகளில் குஸ்கோவில் வெப்பநிலை பூஜ்ஜியத்தை ஒட்டிப் போகும். சிக்கன லாட்ஜ்களில் அறைச் சூடேற்றி கிடையாது. 'ஊனா ஃப்ரசாதா மாஸ், போர் ஃபவோர்', இன்னொரு கம்பளி என்று கேட்டால் தருவார்கள். 'எஸ்தூஃபா' என்கிற மின் சூடேற்றிக்குத் தனிக் காசு. அரெகிப்பாவில் சியார் என்ற வெள்ளை எரிமலைக் கல்லால் கட்டிய பழைய வீடுகள் பல லாட்ஜ்களாகியிருக்கின்றன. தடித்த சுவர், பகலில் குளுமை, இரவில் நல்ல குளிர். அறைகள் முற்றத்தைப் பார்த்துத் திறப்பதால் முற்றத்தில் யார் பேசினாலும் காதில் விழும். கடைசி வரிசை அறை கேளுங்கள்.

விலை ஏறும் நாட்கள்: குஸ்கோவில் ஜூன் 24 இன்தி ராய்மி என்ற சூரியத் திருவிழாவை ஒட்டிய வாரம், புனோவில் பிப்ரவரித் தொடக்கத்தில் கந்தெலாரியா திருவிழா, நாடு முழுக்க ஜூலை 28, 29 சுதந்திர நாள்.

#12 சோளக்கதிர்

சைவர்களுக்கு: 'சின் கார்னே', இறைச்சி இல்லாமல் என்று சொன்னால் மாட்டிறைச்சியை மட்டும் தவிர்த்துவிட்டுக் கோழியைப் போட்டுக் கொண்டு வருவார்கள். 'சின் கார்னே, சின் போயோ, சின் பெஸ்காதோ', அதாவது இறைச்சி, கோழி, மீன் இல்லாமல் என்று மூன்றையும் சொல்லுங்கள். சூப்பில் 'கால்தோ தெ போயோ' இருக்கிறதா என்றும் கேளுங்கள், பார்க்க வெறும் காய்கறியாக இருந்தாலும் கோழிச்சாற்றில் கொதித்ததாக இருக்கும். திங்கட்கிழமை மதியம் பல சாப்பாட்டுக் கடைகளில் பருப்பும் சோறும் கிடைக்கும், அங்கே அது பழைய வழக்கம். லாட்ஜ் காலைச் சிற்றுண்டி என்றால் ரொட்டி, வெண்ணெய், ஜாம், காபி. மேசையில் சின்னக் கூஜாவில் கன்னங்கரேலென்று இருப்பது காபி டிகாக்ஷன், 'எசென்சியா' என்பார்கள். கோப்பையில் கொஞ்சம் விட்டு வெந்நீர் சேர்த்துக்கொள்ள வேண்டும். நம் ஊர் டிகாக்ஷன் பழகிய நாக்குக்கு இது பிடிக்கும்.

#13 கணக்குப்பிள்ளை

குழந்தைகளோடு வருகிறவர்கள் கவனிக்க. 18 வயதுக்கு உட்பட்டவர் பெற்றோரோடு அல்லது பொறுப்பாளரோடுதான் வந்திருக்கிறாரா என்று சரிபார்க்கச் சட்டப்படி ஹோட்டல் கடமைப்பட்டது. அங்கே எல்லோருக்கும் தந்தை வழிக் குடும்பப் பெயர், தாய் வழிக் குடும்பப் பெயர் என்று இரண்டு உண்டு. நம் பாஸ்போர்ட்டில் குழந்தையின் பெயருக்குப் பின்னால் அப்பாவின் சொந்தப் பெயர் இருக்கும், அம்மாவின் பெயரோடு எதுவும் பொருந்தாது. அம்மா மட்டும் குழந்தையோடு பயணம் செய்தால் கேள்வி வரத்தான் செய்யும். ஆங்கிலத்தில் உள்ள பிறப்புச் சான்றிதழ் நகல் கையில் இருக்கட்டும். முன்பதிவிலும் இனிஷியல் போடாமல் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயரை எழுதுங்கள்.

#14 நாஸ்காகோடு

நிலநடுக்கம். 2007 ஆகஸ்ட் 15-இல் பிஸ்கோவில் வந்ததில் விழுந்தவை பெரும்பாலும் மண்கல் வீடுகள். லாட்ஜில் நுழைந்ததும் பச்சைப் பலகையில் வெள்ளை எஸ் எழுத்து எங்கே இருக்கிறது என்று பாருங்கள், அது பாதுகாப்பான இடம் என்ற குறி. அறையிலிருந்து முற்றத்துக்கோ தெருவுக்கோ ஒரு முறை நடந்து பாருங்கள். செருப்பும் டார்ச்சும் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கட்டும், நடுங்கி முடிந்ததும் தரையில் கண்ணாடித் துண்டுகள் கிடக்கும்.

#15 தூறல்

பதிவு செய்த அறையைத் தராமல் மட்டமான அறை கொடுத்து, கேட்டால் பணமும் திருப்பித் தராவிட்டால்?

#16 மலைப்பாதை

சத்தம் போட வேண்டாம். 'லீப்ரோ தெ ரெக்லமாசியோனெஸ்' என்று கேளுங்கள். புகார்ப் புத்தகம். எல்லா வணிக இடமும் அதை வைத்திருக்க வேண்டும், அறிவிப்புப் பலகையும் மாட்டியிருக்க வேண்டும், சட்டம் அப்படி. படிவத்தில் இரண்டு கட்டம் இருக்கும். அறை, விலை, சுடுநீர் பற்றியது என்றால் 'ரெக்லாமோ'வில் குறியிடுங்கள். ஊழியர் நடந்துகொண்ட விதம் பற்றியது என்றால் 'கேஹா'. தேதி, அறை எண், கட்டிய தொகை, என்ன கேட்கிறீர்கள் என்பதை எழுதி நகலை வாங்கிக்கொள்ளுங்கள். ஹோட்டல் 15 வேலை நாளுக்குள் பதில் தர வேண்டும், தராவிட்டால் இன்தெகோபி என்ற நுகர்வோர் அமைப்புக்குப் போகலாம். பெரும்பாலும் அவ்வளவு தூரம் போகாது, புத்தகத்தைக் கேட்டதுமே மேலாளர் வந்துவிடுவார். மொழி தடையாக இருந்தால் அரசின் சுற்றுலா உதவி மையமான ஐபெரூவைக் கூப்பிடுங்கள். போலீஸ் 105, ஆம்புலன்ஸ் 106, தீயணைப்பு 116.

மச்சு பிச்சுவுக்குப் போகிறவர்கள் பெரிய பெட்டியை ரயிலில் ஏற்ற முடியாது, குஸ்கோ லாட்ஜிலேயே விட்டுப் போக வேண்டும். திரும்பி வந்து அங்கேயே தங்குவதாக இருந்தால் காசு கேட்க மாட்டார்கள். பூட்டுப் போடுங்கள், எண் எழுதிய சீட்டு வாங்குங்கள், பெட்டியைப் படம் எடுங்கள். பாஸ்போர்ட்டை மட்டும் அதில் வைத்துவிடாதீர்கள், ரயிலிலும் நுழைவாயிலிலும் அசலைக் கேட்பார்கள்.